மலைமேல் பெய்த மழை: புதுக்கோட்டைச் சீமையின் குன்றுகளும் கண்மாய்களும்

பனி என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தமிழர்களாகிய நாம் எத்தனையோ காரியங்களை நடத்தி வருகிறோம். மார்கழி மாதத்து விடியற்காலையில் கோலம் போட வாசலுக்கு வரும் பெண்மணியின் தலையில் இறங்குவதும் பனி. புல்லின் நுனியில் முத்துப்போல் நிற்பதும் பனி. உதகமண்டலத்தில் தை மாதத்தில் புல்தரையை உப்புப் பூத்தாற்போல் வெளுக்கச் செய்வதும் பனி. இமயமலைச் சிகரங்களில் ஆள் உயரத்துக்கும் மேலாக அடுக்கடுக்காய்க் கிடப்பதும் பனிதான். மேல்நாட்டார் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அதற்கு அவசியம் நேரவில்லை. தலைவலியும் ஜலதோஷமும் வராமல் தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டால் நம்முடைய பனிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

மழை விஷயம் அப்படியல்ல. மழைக்கும், மழை பெய்த பிறகு தரையில் நடக்கும் காரியங்களுக்கும் நம்முடைய நாட்டுப்புறங்களில் வழங்கும் சொற்களைத் தொகுத்தால் ஒரு சிறு அகராதியே ஆகிவிடும். அவற்றில் சிலவற்றை, முக்கியமாகப் புதுக்கோட்டைச் சீமையில் வழங்குபவற்றை, வாசகர்களுக்கு எடுத்துச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கங்களில் ஒன்று. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இமயமலைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. "பனிமலைக்கும் எங்கள் ஊர்க் கண்மாய்க்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று புதுக்கோட்டை அன்பர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது, சற்றுப் பொறுமை வேண்டும்.

இமயத்தின் உச்சிகளில் மார்கழி, தை மாதங்களில் விழும் பனி அன்றைக்கே ஓடிவிடுவதில்லை. விழுந்த இடத்திலேயே கெட்டித்துக் கிடக்கிறது. சித்திரை, வைகாசியில் வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக உருகிக் கீழே இறங்குகிறது. வடநாட்டுச் சமவெளி வறண்டு வாயைப் பிளக்கும் காலத்தில், சிந்துவிலும் கங்கையிலும் தண்ணீர் வந்துகொண்டிருப்பதற்கு அந்தப் பனி ஒரு முக்கியமான காரணம். பனிமலை என்பது கரை கட்டாத ஓர் ஏரி. அதன் மதகைத் திறக்கும் உத்தியோகஸ்தர் சூரிய பகவான். அவர் இலஞ்சம் வாங்குவதில்லை; விடுமுறை எடுப்பதும் இல்லை.

அந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அறிவது எப்படி? பனியின் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. புதிதாக விழுந்த பனி பஞ்சுப்பொதி போன்றது. சுமார் 10 அங்குலப் பனி உருகினால் ஓர் அங்குல ஜலம் கிடைக்கும். பல வாரங்கள் அழுந்திக் கிடந்த பழைய பனியில் ஜலம் அதிகம். ஆகையால் பனியை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு வழி கண்டவர் விஞ்ஞானி அல்லர், ஒரு லத்தீன் வாத்தியார் என்பது வேடிக்கை. அமெரிக்காவில் நெவாடா சர்வகலாசாலையில் லத்தீன் பாஷை கற்பித்துவந்த ஜேம்ஸ் சர்ச் என்பவருக்கு, குளிர்காலத்தில் மலை ஏறுவதில் ஒரு பித்து. 1895-ல் பனிக்காலத்திலேயே, 10,700 அடிக்கு மேல் உயரமுள்ள ரோஸ் என்னும் மலைச் சிகரத்தின்மேல் ஏறினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த உச்சியில் ஒரு வானிலை நிலையத்தையும் அமைத்தார். பனிக்குள் நீண்ட குழாய் ஒன்றைச் செருகி, அதில் சிக்கிய பனியை நிறுத்துப் பார்த்து, வசந்த காலத்தில் கீழே உள்ள ஏரியில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று முன்கூட்டியே சொன்னார். ஏரித் தண்ணீருக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவருடைய கணக்கைக் கேட்டுச் சமாதானம் அடைந்தார்கள். 1947-ல், வயது 75-ஐக் கடந்த பிறகு, இமயமலையிலும் பனி அளக்கும் வேலைக்கு வழிகாட்டுவதற்காக அவர் இந்தியாவுக்கு வந்துபோனார்.

இமயத்துப் பனிக்கும் நமது மழைக்கும் உறவு உண்டு என்று அதற்கும் வெகு முன்னமே ஒருவர் சொன்னார். இந்திய வானிலை இலாகாவின் முதல் தலைவரான ஹென்றி பிளான்போர்டு என்பவர், இமயத்தில் பனி மிகுதியாக விழுந்த வருஷத்தில் அடுத்து வரும் தென்மேற்குப் பருவமழை குறைவதைக் கண்டு 1884-ல் எழுதினார். பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உருகுவதற்கும் உஷ்ணத்தைச் செலவழிக்கிறது. நிலம் சூடேறத் தாமதமாகிறது. சூடேறாத நிலம் கடற்காற்றை இழுப்பதில்லை. இதுதான் அவர் கருத்தின் சாரம். பிற்காலத்தார் இதற்கு விதிவிலக்குகள் பல கண்டார்கள். ஆனாலும் எங்கோ வடகோடியில் விழும் பனி தெற்கே ஆனி ஆவணி மழையைத் தொடுகிறது என்ற எண்ணமே நமக்கு ஒரு வியப்பைத் தருகிறது.

நிற்க. இனிப் புதுக்கோட்டைக்கு வருவோம்.

தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக விளங்கி, 1948 மார்ச்சு மாதத்தில் இந்திய யூனியனுடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஒரு பகுதியாகச் சில காலம் கழித்து, 1974 ஜனவரி 14 முதல் தனி மாவட்டமாக இருந்துவரும் இந்தச் சீமைக்கு, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்று ஒன்று கிடையாது. வெள்ளாறு உண்டு, அக்கினியாறு உண்டு, அம்புலியாறு, பாம்பாறு உண்டு. எல்லாம் மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். பழைய நாளில் வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்று இரண்டு நாடுகளைப் பிரித்துச் சொன்னார்கள். எல்லைக்கோடாக இருந்து புகழ் பெற்ற அளவுக்கு அந்த ஆறு தண்ணீரால் புகழ் பெறவில்லை. காவிரி வடக்கே கூப்பிடு தூரத்தில் ஓடியும், சமஸ்தானத்து வயல்களுக்கு அதனால் பயனில்லை. 1934-ல் மேட்டூர் அணையோடு முடிந்த கல்லணைக் கால்வாயின் ஜலம் இப்பொழுது மாவட்டத்தில் சேர்ந்திருக்கும் அறந்தாங்கிப் பகுதிக்குப் போகிறது. அந்தப் பகுதி அன்று தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது.

மழையும் அற்பம் என்று சொல்வதற்கில்லை. சராசரியாக வருஷத்துக்கு 800 முதல் 900 மில்லிமீட்டர் வரையில், அதாவது பழைய கணக்கில் 32 முதல் 35 அங்குலம் வரையில், பெய்கிறது. எப்போதும் குடையும் கையுமாகத் திரிவதாக நாம் கேள்விப்படும் லண்டன் நகரத்து ஜனங்களுக்கு வருஷம் முழுவதும் சேர்ந்து சுமார் 600 மில்லிமீட்டர்தான்! அங்கே அது மாதந்தோறும் தூறித் தூறி விழுகிறது. இங்கேயோ ஆடி ஆவணியில் இடியுடன் சில மாலைகளும், ஐப்பசி கார்த்திகையில் சில வாரங்களும் ஆனால் வருஷத்து வரும்படி முடிந்துவிட்டது. மாதச் சம்பளக்காரருக்கும், அறுவடைக்கு அறுவடை பணம் பார்ப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பின்னவர் பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இமயத்தின் அடிவாரத்து ஜனங்களுக்கு மலையே பெட்டி. பனியில்லாத புதுக்கோட்டையில் பெட்டியைக் கையால் செய்ய வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டியின் மூடியை முதலில் பார்ப்பதற்காக நார்த்தாமலை ஏறுவோம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில் சுமார் 17 கிலோமீட்டரில் இருக்கிறது. மலை என்று பெயரே தவிர, குன்றுகள்தாம். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை முதலாக ஒன்பது குன்றுகளுக்குப் பெயர் சொல்கிறார்கள். அனுமார் சஞ்சீவி பர்வதத்தைத் தூக்கிக்கொண்டு போகையில் உதிர்ந்த துண்டுகள் இவை என்பது ஊர் வழக்கு. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை என்று மருவியதாக ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். தூர தேசங்களுடன் வியாபாரம் செய்த வணிகக் குழுவினர் வாழ்ந்த ஊர் இது.

மேலமலையின் சரிவில் மரமும் இல்லை, மண்ணும் இல்லை. ஒரே பாறை, யானைக் கூட்டம் படுத்திருப்பது போன்ற வழவழப்பான முதுகு. அந்தப் பாறையில் மேலிருந்து கீழாகக் கரிய கோடுகள் பல ஓடுகின்றன. யாரோ மையை ஊற்றியது போல் தோன்றும். மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் அதே வழியாக இறங்கி இறங்கி, ஈரத்தில் பாசி படிந்து, காய்ந்து கறுத்த தடங்கள் அவை. மழையில்லாத நாளிலும் அந்த மலைமேல் ஜலம் எப்படி ஓடுகிறது என்பதை அந்தக் கோடுகளைக் கொண்டே படித்துவிடலாம்.

மழை விழுந்ததும் இந்தப் பாறை ஒரு சொட்டைக்கூட உள்ளே வாங்கிக்கொள்வதில்லை என்று சொல்லலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் ஜலம். பத்து ஹெக்டேர் பரப்புள்ள பாறையில் ஓர் அங்குல மழை, அதாவது 25 மில்லிமீட்டர் பெய்தால் 25 லட்சம் லிட்டர். அவ்வளவும் அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். அதே மழை உழுத செம்மண் காட்டில் பெய்திருந்தால் முதல் மழை முழுவதையும் மண் குடித்துவிட்டு, "இன்னும் கொண்டு வா" என்றுதான் கேட்கும்.

இப்படிப்பட்ட வேகத்தில் மழையும் காற்றும் மோதும் உச்சியில்தான் விஜயாலய சோழீசுவரம் நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். மேற்குப் பார்த்த சந்நிதி. சதுரத்துக்குள் வட்டமாக அமைந்த கருவறை. வாயிலருகே ஒரு சிறு கல்வெட்டு இருக்கிறது. அதன் விஷயம் இவ்வளவுதான்: இந்தக் கற்கோயிலைச் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதி அரையர் எடுப்பித்தார்; மழையினால் அது இடிந்து அழிந்தது; மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதி அரையன் அதைப் புதுப்பித்தான். கட்டினவர் யார், கெடுத்தது எது, செப்பனிட்டவர் யார் என்ற மூன்று விவரங்களும் இருக்கின்றன. ஒரு சொல் அதிகமில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இந்த வானிலை அறிக்கையைப் போல் சுருக்கமானதும் நேர்மையானதுமான ஓர் அறிக்கையை நாம் இந்தக் காலத்து மராமத்து இலாகாக்களிடமிருந்து அடிக்கடி பெறுவதில்லை.

பாறையின் முதுகில் அங்கங்கே பள்ளங்கள் இருக்கின்றன. ஓடுகிற தண்ணீரில் ஒரு பங்கு அவற்றில் தங்கிவிடுகிறது. இவைதாம் சுனைகள். மேலமலையில் உள்ள ஒரு சுனைக்குத் தலையருவிச் சிங்கம் என்று கம்பீரமான பெயர். பெயரிலேயே அருவி இருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுனைக்குள்ளே, தண்ணீருக்கடியில், பாறையைக் குடைந்து அமைத்த சிறு கோயில் ஒன்றும் அதில் ஒரு லிங்கமும் உண்டு. சாதாரண நாளில் காண முடியாது. 1857-ல் இராமச்சந்திர தொண்டைமான் மன்னரின் இராணியார் சுனையை இறைக்கச் செய்து, லிங்கத்தைத் தரிசித்து வழிபட்ட செய்தியை அருகே பாறையில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு சுனையை இறைத்தது கல்லில் எழுதத்தக்க விசேஷமாக இருந்தது என்றால், அது எளிதில் வற்றாத சுனை என்றுதானே அர்த்தம்?

சித்தன்னவாசல் மலையிலும் இதற்கு ஒரு தங்கை இருக்கிறது. நாவல் மரத்தின் பெயரால் நவச்சுனை என்று வழங்கும் அந்தச் சுனையிலும் நீருக்குள் ஒரு குடைவரைக் கோயில் மறைந்திருக்கிறது. சுனையின் அடியில் சுவாமியை வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ, நாம் அறியோம். ஆனால் சுவாமி இருக்கிற ஜலத்தில் யாரும் துப்பவும் மாட்டார்கள், அழுக்குத் துணி துவைக்கவும் மாட்டார்கள். குடிதண்ணீரைக் காக்க இதைவிட மலிவான காவற்காரன் கிடைப்பானா?

அந்த மலையின்மேல் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமண முனிவர்கள் படுத்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் கிறிஸ்து பிறப்பதற்கும் முற்பட்டவை. வழவழவென்று தேய்த்த அந்தப் படுக்கைகளைப் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள். நமக்கோ, அவர்கள் தாகத்துக்கு என்ன செய்தார்கள் என்ற லௌகிக யோசனைதான் முதலில் எழுந்தது. உச்சிப் பாறையில் வெயில் காலத்தில் மனிதன் தங்க வேண்டுமானால் பக்கத்தில் சுனை இருந்தே ஆக வேண்டும். தவத்துக்கு இடம் தேடியவர்கள் முதலில் தண்ணீருக்கு இடம் தேடியிருப்பார்கள்.

மலையின் மறுபுறத்தில் அறிவர் கோயிலின் விதானத்தில் உலகப் புகழ் பெற்ற சித்திரம் இருக்கிறது. என்ன சித்திரம்? தாமரைத் தடாகம்! தாமரையும் அல்லியும் பூத்துக் கிடக்கின்றன, மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்களும் எருமைகளும் யானைகளும் நீரில் நிற்கின்றன, ஆடவர் சிலர் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். சமண சமயத்தில் அதற்கு ஆழ்ந்த தத்துவப் பொருள் உண்டு என்று பெரியோர்கள் விளக்கியிருக்கிறார்கள். அது இருக்கட்டும். வறண்ட பாறையின் வயிற்றுக்குள் உட்கார்ந்து தலைக்குமேல் நிறைந்த குளம் ஒன்றைத் தீட்டிய ஓவியன், அதே பாறையடியில் மழைக்காலத்துக் கண்மாயைக் கண்ணாரப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

கண்மாய்க்கு வந்துவிட்டோம். சுனையில் தங்கியது போக மிச்சமெல்லாம் கீழே ஓடுகிறது. அடிவாரத்தில் அதை ஏற்று அழைத்துப் போகும் வாய்க்காலுக்கு வரத்துவாரி என்று பெயர். வரத்துவாரி கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் கண்மாய். பிறைச்சந்திரன் வடிவத்தில் ஒரு மண்கரை. அதன் வயிற்றுப்பக்கம் உள்வாய். கரையின் அடியில் வயலுக்குத் தண்ணீர் விடும் மடை. நிறைந்து மிஞ்சினால் கரை உடையாமல் வழிந்துபோகக் கல்லால் கட்டிய கலிங்கு. உள்வாயில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கோபுர வாசல்போல் இரண்டு கற்றூண்கள் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதுதான் குமிழி. அடியில் துளையிட்ட கல்லும், அந்தத் துளையை அடைக்கும் கட்டையும் இருக்கும். கட்டையை மேலே தூக்கினால் ஜலம் நிலத்தடிக் குழாய் வழியாக வயலுக்குப் போகும். இந்தச் சீமையின் குமிழிக் கால்கள் பலவற்றில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு எழுத்துக்கள் இருக்கின்றன. ஏரிக்குக் குமிழி அமைத்தவர் தம் பெயரை அதில் பொறித்துவைத்தார். கோயில் கட்டிய புண்ணியத்துக்கு அது குறைந்ததாக அந்தக் காலத்தில் யாரும் எண்ணவில்லை.

இப்படிப்பட்ட ஏரி, குளம், கண்மாய்கள் மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை. அவை தனித்தனியாக இல்லை என்பதுதான் இதில் உள்ள அபாரமான புத்திசாலித்தனம். நிலம் வடமேற்கே உயர்ந்து, தென்கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. மேல் கண்மாயின் கலிங்கில் வழிவது அடுத்த கண்மாயின் வரத்து. அதன் கலிங்கு அதற்கடுத்ததன் வரத்து. சங்கிலிபோல் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஆற்றிலோ கடலிலோ முடிகிறது. மலைமேல் விழுந்த ஒரே மழை ஐந்தாறு ஊர்களுக்குக் கணக்கு எழுதிவிட்டுத்தான் கடலுக்குப் போயிற்று. மேல் ஊர்க்காரர் கலிங்கை அரை முழம் உயர்த்திக் கட்டினால் கீழ் ஊரில் ஒரு போகம் போய்விடும். இதனால் விளைந்த வழக்குகளும் அடிதடிகளும் கொஞ்சமா? ஆனால் சண்டை இருந்தது என்றால் அக்கறை இருந்தது என்றும் அர்த்தம்.

மழையை இந்த ஊர் விவசாயிகள் மில்லிமீட்டரில் அளப்பதில்லை. "நேற்று ராத்திரி ஓர் உழவு மழை" என்பார்கள். மண் எவ்வளவு ஆழத்துக்கு நனைந்தது, ஏர் இறங்குமா என்பதுதான் அளவுகோல். லத்தீன் பேராசிரியர் பனிக்குள் குழாயைச் செருகிப் பார்த்தார் அல்லவா? நம் சம்சாரி மண்ணுக்குள் கலப்பையைச் செருகிப் பார்க்கிறார். வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதைவிட, கையில் எவ்வளவு நின்றது என்று இருவரும் கேட்டார்கள்.

சமஸ்தானத்துத் திவானாக 1878 முதல் 1894 வரையில் இருந்த சர் ஏ. சேஷையா சாஸ்திரியார் நகரத்தைத் திருத்தி அமைத்தபோது, தூர்ந்துபோன குளங்களைச் சுத்தம் செய்வதையும் ஒரு பெரிய காரியமாக எடுத்துக்கொண்டார். வீதிகளை நேராக்கியவர் என்றுதான் இன்று அவரை நினைக்கிறார்கள். நகரின் நடுவே பல்லவன்குளக் கரையில் காற்று வாங்குபவர்கள் அவரைத் தண்ணீருக்காகவும் நினைக்கலாம்.

இனிச் சொல்ல வேண்டியது அவ்வளவு இனிப்பான விஷயமல்ல.

மலை இருக்கிறது; மழையும் ஏறத்தாழப் பழையபடி பெய்கிறது. ஆனால் மலையில் விழுந்த ஜலம் கண்மாய்க்குப் போய்ச் சேருவதில்லை என்பது ஊர் ஊராக நாம் கேட்கும் புலம்பல். கண்மாய் ஏன் நிரம்பவில்லை என்று கேட்டால், கண்மாயைப் பார்ப்பதால் விடை கிடைக்காது. அதற்கு மேலே உள்ள வாரியில் நடந்துபோக வேண்டும். வாரியை வயலோடு சேர்த்து உழுதிருப்பார்கள். அல்லது வீடு கட்டியிருப்பார்கள். அல்லது புதுச் சாலை குறுக்கே போயிருக்கும். சாலைக்கு அடியில் வைத்த குழாய் வெள்ளத்தைக் கனவிலும் கண்டிராத ஒருவர் திட்டமிட்டதாக இருக்கும். கண்மாயின் உள்வாயிலோ சீமைக்கருவேல் மண்டிக்கிடக்கும். வண்டல் ஏறி ஏறி உள்வாய் மேடாகிவிட்டதால், தண்ணீர் ஆழமாக நிற்பதற்குப் பதில் அகலமாகப் பரந்து நிற்கும். நம் ஊர் வெயிலோ ஒரு வருஷத்தில் ஆள் உயரத் தண்ணீரை ஆவியாக்கிவிடக் கூடியது. ஆழமில்லாத கண்மாய் வெயிலுக்கு வைத்த விருந்து.

இவையெல்லாம் தமிழ்நாடெங்கும் உள்ள குறைகள். புதுக்கோட்டைக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. அது தைல மரக்காடு. யூகலிப்டஸ் என்பதை இங்கே ஜனங்கள் தைல மரம் என்றும் ஆர். எஸ். பதி மரம் என்றும் சொல்கிறார்கள். காகித ஆலைகளுக்கு வேண்டிய கூழுக்காக ஆயிரக்கணக்கான ஏக்கரில் வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்கள். மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது என்பது விவசாயிகளின் பழைய குற்றச்சாட்டு. அதைவிடப் பெரிதாக நமக்குப் படுவது வேறொன்று. அந்த மரங்களுக்கு மழைநீர் நிற்க வேண்டும் என்பதற்காகக் காட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக வரப்புப் போட்டுப் பள்ளம் வெட்டுகிறார்கள். காடு இருப்பதோ மேட்டு நிலத்தில்; அதாவது கண்மாய்களின் நீர்ப்பிடியில். மேலே நிறுத்திய ஜலம் கீழே எப்படி வரும்? மழைநீரைத் தேக்குவது நல்ல காரியந்தானே என்று நகரத்திலிருப்பவர் கேட்கலாம். யாருக்குத் தேக்குகிறோம் என்பதும் ஒரு கேள்வி அல்லவா? மேல் ஊர்க்காரர் கலிங்கை உயர்த்தினால் கீழ் ஊர்க்காரர் கேட்க முடிந்தது. இங்கே மேல் ஊர்க்காரர் ஒரு காடு. அதனிடம் யார் பஞ்சாயத்துப் பேசுவது? வரப்புகளை உடைத்து வாரிகளைத் திறந்துவிட வேண்டும் என்று விவசாயிகள் மனுக் கொடுத்தும் போராடியும் வருகிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.

மலைகளுக்கும் ஆபத்து இல்லாமலில்லை. கருங்கல்லுக்குக் கிராக்கி ஏற ஏற, இந்தச் சீமையின் குன்றுகள் பல சல்லியாகி லாரியில் ஏறிவிட்டன. புராதனச் சின்னங்கள் உள்ள குன்றுகளைச் சட்டம் காக்கிறது. பெயரில்லாத குன்றை யார் காப்பது? குன்று போன இடத்தில் பெரும்பள்ளம் உண்டாகி, அதில் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. அந்த ஜலமும் மழை ஜலந்தான். ஆனால் கலிங்கும் இல்லாத, மடையும் இல்லாத அந்தப் பள்ளத்திலிருந்து ஒரு வயலுக்கும் அது போவதில்லை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் இந்த மாவட்டத்தின் மரங்களைச் சாய்த்துப்போட்டது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஓர் இரவில் விழுந்தன. ஒரு தலைமுறை உழைப்புப் போன பிறகு அந்தப் பகுதி இளைஞர்கள் சிலர் செய்த காரியத்தைக் குறிப்பிட வேண்டும். கொத்தமங்கலம் முதலிய ஊர்களில், சர்க்கார் வரட்டும் என்று காத்திராமல், தாங்களே பணம் திரட்டி இயந்திரங்களை அமர்த்தி 2019-ல் குளங்களையும் வரத்துவாரிகளையும் தூர்வாரினார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளும் பணம் அனுப்பினார்கள். குடிமராமத்து என்ற பழைய பெயரில் 2017 முதல் அரசாங்கமும் ஏரிகளைச் செப்பனிடும் திட்டம் ஒன்றை நடத்தியது. பெயரில் குடி இருந்தது. வேலையில் எத்தனை ஊர்களில் குடிகள் இருந்தார்கள் என்பதை அந்தந்த ஊரார்தாம் சொல்ல வேண்டும்.

2021 பிப்ரவரியில் விராலிமலை வட்டத்துக் குன்னத்தூரில் காவிரி வைகை குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். காவிரியில் வெள்ளம் மிஞ்சும் காலத்தில் மாயனூரிலிருந்து கால்வாய் வெட்டித் தெற்கே கொண்டுபோவது திட்டம். புதுக்கோட்டையார் தலைமுறை தலைமுறையாகக் கண்ட கனவு இது. விரைவில் நனவாக வேண்டும் என்றுதான் நாமும் விரும்புகிறோம். ஆனால் அந்தக் கால்வாய் கொண்டுவரும் ஜலமும் கடைசியில் ஏதாவதொரு கண்மாயில்தான் நிற்க வேண்டும்; ஏதாவதொரு வாரி வழியாகத்தான் அங்கே போக வேண்டும்.

நார்த்தாமலையைப் பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. முத்துமாரியம்மன் திருவிழா பங்குனியில் நடக்கிறது. கூட்டத்தையும் பக்தியையும் காண அதுவே தக்க காலம். ஆனால் பங்குனி வெயிலில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. மலையைக் காண வேண்டுமானால் கார்த்திகையில், இரண்டு உழவு மழை பெய்து வெளிவாங்கிய மறுநாள் காலையில் போக வேண்டும். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே ஓடும் பஸ்கள் சாலைப் பிரிவில் இறக்கிவிடும். ரயில் நிலையமும் உண்டு. பாறை ஈரமாக இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, கறுப்புக் கோடுகளை மிதிக்காமல் ஏற வேண்டும், அங்கேதான் வழுக்கும். மேலே சோழீசுவரத்தின் முன்னால் உட்கார்ந்து சத்தம் போடாமல் ஐந்து நிமிஷம் இருந்தால், முதல் நாள் மழையின் மிச்சம் பாறைப் பள்ளங்களிலிருந்து ஒன்று மாற்றி ஒன்றாக வழிந்து கீழே இறங்கும் ஓசை கேட்கும். சிறு பிள்ளைகளைச் சுனை ஓரத்துக்கு விட வேண்டாம், ஆழம் அதிகம்.